வழக்கறிஞர் இல்லாமல் கிரீன் கார்டு மனு: தேசிய நலன் விலக்கை நீங்களே எழுதுவது எப்படி

அமெரிக்காவில் வேலை வழியாகக் கிரீன் கார்டு என்றால் நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்தது பெர்ம் நடைமுறைதான். நிறுவனம் விளம்பரம் கொடுக்கும். தகுதியான அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறையிடம் சான்று வாங்கும். பிறகு நிறுவனத்தின் வழக்கறிஞர் ஐ-140 மனுவைப் போடுவார். மனுதாரர் நிறுவனம், நீங்கள் பயனாளி மட்டுமே. கேட்ட காகிதங்களை அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். நடுவில் வேலை போனால் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நிறுவனம் இல்லாமல் நீங்களே மனுதாரராக இருக்கச் சட்டம் இரண்டு வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. ஒன்று இபி-1ஏ: தன் துறையில் அசாதாரணத் திறமை காட்டியவர்களுக்கானது. பத்து அளவுகோல்களில் குறைந்தது மூன்றை நிறைவுசெய்த பிறகும், துறையின் உச்சியில் இருக்கும் சிலரில் ஒருவர் என்று காட்ட வேண்டும். மற்றொன்று இபி-2 பிரிவில் வரும் தேசிய நலன் விலக்கு, அதாவது என்ஐடபிள்யூ: நிறுவனமும் தொழிலாளர் சான்றும் வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து, நாட்டுக்கு நல்லது என்பதால் தரும் விலக்கு. முதுநிலைப் படிப்பும் உருப்படியான ஒரு திட்டமும் உள்ள பொறியாளர்கள், ஆய்வாளர்கள் பலருக்கு எட்டக்கூடியது இரண்டாவதுதான். இங்கே நான் எழுதுவதும் அதைப் பற்றித்தான்.

வழக்கறிஞர் கட்டாயமா என்றால், இல்லை. படிவங்கள் கடினமானவை அல்ல. இந்த மனுவில் கடினமான வேலை ஒன்றே ஒன்று. அதை வழக்கறிஞர் வைத்தாலும் நீங்கள்தான் செய்தாக வேண்டும். அது என்ன என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் வரிசையைப் பாருங்கள்

மனு எழுத உட்காரும் முன் வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினைத் திறந்து பாருங்கள். வேலைவாய்ப்புப் பிரிவுகள் அனைத்துக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள். அதில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்பது 1990 சட்டத்தின் கணக்கு. அதன் விளைவு: 2025 அக்டோபர் புல்லட்டினில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கான இபி-2 இறுதித் தேதி 2013 ஏப்ரல் 1. அந்த நாளுக்கு முன் வரிசையில் நின்றவர்களுக்குத்தான் அப்போது கார்டு. இன்று மனு போடும் ஒருவர் எப்போது கார்டு வாங்குவார் என்று யாராவது ஆண்டுக் கணக்குச் சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படியென்றால் எதற்கு இந்தப் பாடு? காரணங்கள் இருக்கின்றன. ஐ-140 ஏற்கப்பட்டிருந்து வரிசை வரவில்லை என்றால், எச்-1பி வேலை விசாவை ஆறு ஆண்டு வரம்பைத் தாண்டி மும்மூன்று ஆண்டுகளாக நீட்டிக்கலாம். எச்-4 என்ற குடும்ப விசாவில் இருக்கும் கணவனோ மனைவியோ வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். 2015-இல் வந்த விதி இது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த மனு உங்கள் சொத்து. எந்த நிறுவனமும் அதைத் திரும்பப் பெற முடியாது. ஆட்குறைப்புக் காலத்தில் இதன் அருமை தெரியும். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: எச்-1பி-க்கு அப்போதும் ஒரு நிறுவனம் தேவை. மனு கையில் இருப்பதால் மட்டும் நாட்டில் தங்கும் உரிமை வந்துவிடாது.

இங்கே நம்மவர்கள் அடிக்கடி தவறவிடும் இரண்டு விஷயங்கள் உண்டு.

வரிசை எந்த நாட்டுக்குரியது என்பதைத் தீர்மானிப்பது பிறந்த இடம். குடியுரிமையோ பாஸ்போர்ட்டோ அல்ல. அப்பா குவைத்தில் வேலை பார்த்த காலத்தில் அங்கே பிறந்த தஞ்சாவூர்க்காரர், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் குவைத்தின் வரிசையில் நிற்பார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், தனி வரிசை இல்லாத மற்ற நாடுகளோடு சேர்வார். அந்த வரிசைக்கு 2025 அக்டோபரில் இபி-2 தேதி 2023 டிசம்பர் 1. பத்து ஆண்டுக்கும் மேலான வித்தியாசம்! உங்கள் கணவனோ மனைவியோ அப்படிப் பிறந்திருந்தால், அவருடைய நாட்டின் வரிசையை நீங்களும் பயன்படுத்தலாம். இருவரின் பிறப்புச் சான்றிதழ்களையும் இன்றே எடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது, முன்னுரிமைத் தேதி, அதாவது வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் நாள். என்ஐடபிள்யூவில் மனு அலுவலகத்துக்குக் கிடைத்த நாளே உங்கள் முன்னுரிமைத் தேதி. ஆனால் எட்டு ஆண்டுகளுக்கு முன் பழைய நிறுவனம் போட்ட பெர்ம் வழி ஐ-140 ஏற்கப்பட்டிருந்தால், மோசடி போன்ற காரணங்களால் அது ரத்தாகாதவரை, அந்தப் பழைய தேதியைப் புதிய மனுவுக்குக் கேட்டுப் பெறலாம். அந்த ஏற்பு அறிவிப்பின் நகலைப் புதிய மனுவோடு இணைத்து, முகப்புக் கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள்.

தகுதி: படிப்பு

இபி-2 பிரிவுக்குப் பொதுவாக அமெரிக்க முதுநிலைப் பட்டத்துக்குச் சமமான படிப்பு வேண்டும். அல்லது இளநிலைப் பட்டமும், அதன் பிறகு படிப்படியாகப் பொறுப்பு கூடிய ஐந்து ஆண்டு அனுபவமும் வேண்டும். நான்கு ஆண்டு பி.இ., பி.டெக். பட்டங்களில் சிக்கல் குறைவு. மூன்று ஆண்டு பி.எஸ்சி.யை மட்டும் வைத்துக்கொண்டு இளநிலைப் பட்டம் என்று வாதிட்டால் தோற்க வாய்ப்பு அதிகம். இந்தியப் பட்டங்களுக்குக் கல்வி மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றிடமிருந்து சமநிலை அறிக்கை வாங்கி இணையுங்கள். மதிப்பெண் பட்டியல்களும் பட்டச் சான்றிதழும் சேர்ந்தே போக வேண்டும்.

ஐந்து ஆண்டு அனுபவத்தைக் காட்ட நிறுவனத் தாளில் கடிதம் தேவை: பதவி, தொடக்க நாள், முடிவு நாள், செய்த பணிகள், முழுநேரமா என்பது. சம்பளச் சீட்டுகள் துணைச் சான்று மட்டுமே. என் பழைய நிறுவனம் ஒன்று 'பணியாற்றினார்' என்ற ஒற்றை வரிக்கு மேல் எழுதித் தர மறுத்துவிட்டது. அப்போதைய மேலாளர் தன் சொந்தப் பெயரில் விவரமான கடிதம் எழுதினார். நிறுவனக் கடிதம் ஏன் கிடைக்கவில்லை என்பதையும் நான் விளக்கினேன். அதிகாரி அதை ஏற்றுக்கொண்டார்.

2025 ஜனவரியில் கொள்கைக் கையேட்டைத் திருத்தியபோது, உங்கள் படிப்பும் நீங்கள் முன்வைக்கும் முயற்சியும் (அமெரிக்காவில் செய்யப்போவதாக மனுவில் சொல்லும் திட்டம்) ஒன்றோடொன்று தொடர்புடையவையாக இருக்க வேண்டும் என்று, மனுக்களை முடிவு செய்யும் குடியேற்ற அமைப்பான யுஎஸ்சிஐஎஸ் தெளிவாக எழுதிவிட்டது. இயந்திரவியலில் முதுநிலை படித்துவிட்டு உணவகச் சங்கிலி தொடங்கும் திட்டத்தோடு வந்தால் முதல் படியிலேயே நின்றுவிடும்.

ஒரே ஒரு கடினமான வேலை

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். விலக்கு தரலாமா என்பதை அதிகாரி 2016 டிசம்பர் 27-இல் வந்த 'தனாசர்' தீர்ப்பை வைத்துத்தான் முடிவெடுப்பார். யுஎஸ்சிஐஎஸ் அமைப்பின் மேல்முறையீட்டுப் பிரிவு அளித்த முடிவு அது. மூன்று கேள்விகள்: நீங்கள் முன்வைக்கும் முயற்சிக்குக் கணிசமான மதிப்பும் தேசிய முக்கியத்துவமும் இருக்கிறதா? அதை முன்னெடுத்துச் செல்லும் நிலையில் நீங்கள் இருக்கிறீர்களா? தராசில் வைத்துப் பார்த்தால், வேலை வாய்ப்புக் கடிதமும் தொழிலாளர் சான்றும் கேட்காமல் விடுவது அமெரிக்காவுக்கு நல்லதா?

அந்தத் தீர்ப்பை முழுதாகப் படியுங்கள். ஒரு மாலைப்பொழுது போதும். மனுதாரர் விண்வெளிப் பொறியியல் ஆய்வாளர். ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் செல்லும் கலங்களின் உந்துவிசை பற்றி ஆய்வு செய்தவர். கூடவே மாணவர்களுக்கு அறிவியல் கற்பிக்கப்போவதாகவும் எழுதியிருந்தார். ஆய்வுக்குத் தேசிய முக்கியத்துவம் உண்டு என்று ஏற்றுக்கொண்ட தீர்ப்பு, கற்பித்தலுக்கு அதை ஏற்கவில்லை. கற்பித்தல் மதிப்புள்ள பணிதான். ஆனால் அதன் பலன் அவருடைய வகுப்பறையைத் தாண்டித் துறை முழுவதையும் எட்டும் என்று காட்டப்படவில்லை. இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டவர் பாதிக் கிணறு தாண்டியவர்.

நம் மென்பொருள் பொறியாளர்கள் வழுக்கி விழும் இடமும் அதுதான். 'பத்து ஆண்டு அனுபவமுள்ள நான் அமெரிக்க நிறுவனங்களுக்கு மேகக் கணினித் தீர்வுகளை உருவாக்கித் தருவேன்' என்று எழுதுவார்கள். அது வேலை, முயற்சி அல்ல. உங்கள் வாடிக்கையாளருக்குப் பயன் இருக்கலாம், நாட்டுக்கு என்ன என்று அதிகாரி கேட்பார். செயற்கை நுண்ணறிவு முக்கியம், இணையப் பாதுகாப்பு முக்கியம் என்று அரசு அறிக்கைகளை அடுக்குவதும் உதவாது. துறை முக்கியமானது என்பதை யாரும் மறுக்கவில்லை. அந்தத் துறைக்குள் நீங்கள் குறிப்பாகச் செய்யப்போவது என்ன என்பதே கேள்வி.

ஓர் எடுத்துக்காட்டு. குடிநீர்ப் பொறியியலில் முதுநிலை படித்த ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 'நீர் மேலாண்மையில் தொடர்ந்து பணியாற்றுவேன்' என்று எழுதினால் மனு தோற்றுவிடும். அவரே இப்படி எழுதலாம்: 'மண்ணுக்குள் புதைந்திருக்கும் ஈயக் குடிநீர்க் குழாய்கள் எந்தெந்த வீடுகளுக்குச் செல்கின்றன என்பதைத் தெருவைத் தோண்டாமலே கணிக்கும் புள்ளியியல் முறையை மேம்படுத்தி, நிதிவசதி இல்லாத சிறு நகராட்சிகள் இலவசமாகப் பயன்படுத்தும்படி வெளியிடுவேன்.' இந்த வாக்கியத்தைச் சுற்றிச் சான்றுகள் தாமாகவே வந்து சேரும். 2014-இல் ஃபிளின்ட் நகரின் குடிநீரில் ஈயம் கலந்தது. குழாய்களை மாற்ற 2021 உள்கட்டமைப்புச் சட்டம் ஒதுக்கிய 1,500 கோடி டாலர். பெரும்பாலான குடிநீர் அமைப்புகள் பத்து ஆண்டுக்குள் ஈயக் குழாய்களை அகற்ற வேண்டும் என்று 2024 அக்டோபரில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட விதி. இவை எல்லாம் துறையின் பெருமையைப் பாடுபவை அல்ல. அவர் செய்யப்போகும் வேலையை நேராகத் தொடுபவை.

உங்கள் வாக்கியத்தையும் அப்படி எழுதுங்கள். எழுதியதைத் துறைக்குத் தொடர்பில்லாத ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். 'சரி, அதனால் யாருக்கு என்ன?' என்று அவர் கேட்டால் வாக்கியம் இன்னும் முடியவில்லை. எனக்கு இந்த ஒரு வாக்கியத்துக்கு ஆறு வாரம் ஆனது; மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து நான்கு வாரம்.

யுஎஸ்சிஐஎஸ் தளத்திலேயே மேல்முறையீட்டு முடிவுகள் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடக்கின்றன, மனுதாரர் பெயர் நீக்கப்பட்டு. உங்கள் தொழிலை ஒட்டிய இருபது முடிவுகளை எடுத்துப் படியுங்கள். எந்த வாதம் எங்கே உடைகிறது என்று தெரியும்.

நீங்கள்தான் செய்ய முடியும் என்பதற்கான சான்றுகள்

இரண்டாவது கேள்விக்குக் கடந்தகாலம் பதில் சொல்ல வேண்டும். வெளியிட்ட கட்டுரைகள், அவற்றை மேற்கோள் காட்டியவர்கள், காப்புரிமைகள், நீங்கள் எழுதிய மென்பொருளை யார் பயன்படுத்துகிறார்கள், வாங்கிய நிதியுதவி, அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கான திட்டம். மேற்கோள் எண்ணிக்கை குறைவாக இருந்தால் பதற வேண்டாம். ஒரு மாநகராட்சி உங்கள் முறையைக் கையாண்டதற்கான ஒரு கடிதம் ஐம்பது மேற்கோளைவிடக் கனமாக இருக்கும். இங்கே நிரூபிக்க வேண்டிய அளவு 'ஐயத்துக்கு அப்பாற்பட்டு' அல்ல. 'இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே வாய்ப்பு அதிகம்' என்ற அளவுதான்.

பரிந்துரைக் கடிதங்கள் ஐந்து அல்லது ஆறு போதும். அதில் இரண்டு மூன்றாவது உங்களோடு வேலை செய்யாத, உங்கள் பணியை வெளியிலிருந்து அறிந்தவர்களிடமிருந்து வர வேண்டும். உங்கள் கட்டுரையை மேற்கோள் காட்டியவருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். கூச்சமாக இருக்கும், ஆனாலும் எழுதுங்கள். நான் எழுதிய ஒன்பது பேரில் மூவர் பதில் போட்டார்கள்.

ஊரில் படித்த கல்லூரிப் பேராசிரியரிடம் கேட்டால் 'நீயே எழுதி அனுப்பு, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்' என்பார். அன்பினால் சொல்வதுதான். ஆனால் ஐந்து கடிதங்களையும் நீங்களே எழுதினால் ஐந்திலும் உங்கள் குரல்தான் கேட்கும். ஒரே சொற்றொடர் மூன்று கடிதங்களில் வந்தால் அதிகாரி கண்டுபிடித்துவிடுவார். குறிப்புகளை மட்டும் கொடுத்து, அவரையே அவர் நடையில் எழுதச் சொல்லுங்கள். 'எங்கள் குழு செய்தது' என்ற நம் அடக்கம் இங்கே பாதகம். குழுவில் உங்கள் கை எது என்று கடிதம் சொல்ல வேண்டும். 'சிறந்த மாணவர், கடின உழைப்பாளி' என்ற கடிதங்களால் ஒரு பயனும் இல்லை.

மூன்றாவது கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் போதும். பெர்ம் நடைமுறை ஒரே நிறுவனத்தின் ஒரே பதவிக்கானது. உங்கள் முயற்சி பல அமைப்புகளுக்குப் பயன்படுவது என்றால் அந்தச் சட்டையில் அது அடங்காது. அவசரம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

படிவங்கள், கட்டணம், உறை

ஐ-140 படிவத்தில் மனுதாரரும் நீங்கள், பயனாளியும் நீங்கள். இரண்டாம் பகுதியில் கவனம் தேவை: முதுநிலைப் பட்டம் உடையவர், தேசிய நலன் விலக்கு கோராதவர் என்று ஒரு கட்டம் இருக்கும், விலக்கு கோருபவர் என்று வேறொரு கட்டம் இருக்கும். அவசரத்தில் முதல் கட்டத்தில் குறியிட்டவர்கள் உண்டு. இதோடு தொழிலாளர் துறையின் இடிஏ-9089 படிவத்தின் பின்னிணைப்பு ஏ-யையும், அதன் இறுதி முடிவுப் படிவத்தையும் நிரப்பிக் கையெழுத்திட்டு இணைக்க வேண்டும். அவற்றைத் தொழிலாளர் துறைக்கு அனுப்பக்கூடாது. மனுவோடு யுஎஸ்சிஐஎஸ் அமைப்புக்கே போகும்.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்குத் தனித் தலைவலி. முன்னெழுத்து, தந்தை பெயர், குடும்பப் பெயர் இடம் காலியாக உள்ள பாஸ்போர்ட், அதனால் விசாவில் 'எஃப்என்யூ' (முதற்பெயர் தெரியவில்லை) என்று வந்த முதற்பெயர். படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். மதிப்பெண் பட்டியலில், பழைய கட்டுரைகளில் உள்ள மற்ற வடிவங்கள் அனைத்தையும் 'வேறு பெயர்கள்' இடத்தில் கொடுங்கள். பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயரே இல்லாமல் 'ஆண்' அல்லது 'பெண்' என்று மட்டும் இருந்தால், இப்போதே ஊரில் பெயர் சேர்க்கும் வேலையைத் தொடங்குங்கள். ஐ-140-க்கு அது தேவைப்படாது. பிறகு கண்டிப்பாகத் தேவைப்படும். தமிழில் உள்ள ஆவணங்களுக்கு முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். இரு மொழியும் அறிந்த நண்பர் மொழிபெயர்த்து, அது முழுமையானது, சரியானது, தான் அதற்குத் தகுதியுள்ளவர் என்று கையெழுத்திட்டால் போதும்.

கட்டணம்: ஐ-140-க்கு 715 டாலர். அதற்கு மேல் புகலிடத் திட்டக் கட்டணம். சொந்தமாக மனுச் செய்பவருக்கு 300 டாலர். படிவத்தின் தொடக்கத்தில் உள்ள, இந்தக் கட்டணத்தைத் தீர்மானிக்கும் கேள்விகளைக் காலியாக விடாதீர்கள். இரண்டு தொகைகளையும் தனித்தனியாகச் செலுத்த வேண்டும். 2025 அக்டோபர் 28 முதல் காகிதக் காசோலை ஏற்பதில்லை. கடன் அட்டைக்கு ஜி-1450, வங்கிக் கணக்குக்கு ஜி-1650 படிவம். ஐ-907 வழியாக விரைவுச் சேவை கேட்டால் 45 வேலை நாட்களுக்குள் ஏதாவது ஒரு நடவடிக்கை வரும். 2026 மார்ச் முதல் அதற்கு 2,965 டாலர். அனுப்பும் நாளன்று கட்டணப் பக்கத்தை மறுபடியும் பாருங்கள். தொகை மாறினால் உறை அப்படியே திரும்பி வரும்.

விரைவுச் சேவை வாங்கும் முன், பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ளவர்கள் ஒரு கணம் நிற்க வேண்டும். பிள்ளைக்கு 21 வயது நிறைந்துவிட்டதா என்று கணக்கிடும்போது, ஐ-140 நிலுவையில் இருந்த நாட்களைச் சட்டம் வயதிலிருந்து கழித்துக்கொள்கிறது. மனு ஓராண்டு கிடந்தால் ஓராண்டு லாபம். காசு கொடுத்து அதை இரண்டு மாதமாகச் சுருக்குவது எல்லோருக்கும் நல்லதல்ல.

உறையில் வரிசை இப்படி: கட்டணப் படிவங்கள், ஐ-907 இருந்தால் அது, ஐ-140, இடிஏ-9089, முகப்பு வாதக் கடிதம், சான்றுப் பட்டியல், எண்ணிட்ட சான்றுகள். ஒரு பக்கம் மட்டும் அச்சிடுங்கள். பைண்டிங், ஸ்டேப்ளர் வேண்டாம். அங்கே ஒவ்வொரு தாளையும் ஸ்கேன் செய்கிறார்கள். கையெழுத்து மையால் போட்டதாக இருக்க வேண்டும், தட்டச்சுப் பெயர் செல்லாது. படிவத்தின் எல்லாப் பக்கங்களின் அடியிலும் ஒரே பதிப்புத் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். ஐ-907 சேர்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து அனுப்பும் முகவரியே மாறும்.

சான்று போதவில்லை என்று கடிதம் வந்தால்

வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2023-க்குப் பிறகு என்ஐடபிள்யூ மனுக்கள் பெருகின, ஏற்கப்படும் விகிதம் இறங்கியது. கூடுதல் சான்று கேட்கும் கடிதத்துக்கு அதிகபட்சம் 84 நாட்கள் தருவார்கள், தபாலில் வந்தால் மேலும் மூன்று நாள். பதில் ஒரே முறைதான். பகுதி பகுதியாக அனுப்ப முடியாது. கடிதத்தில் பாதிக்கு மேல் எல்லோருக்கும் ஒட்டப்படும் பத்திகள். அவற்றை ஒதுக்கிவிட்டு, உங்கள் சான்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் வாக்கியங்களைக் கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுங்கள். முயற்சியை இந்தக் கட்டத்தில் மாற்றி எழுதாதீர்கள். மனு போட்ட நாளன்று தகுதி இருந்திருக்க வேண்டும் என்பது விதி. புதிய முயற்சிக்குப் புதிய மனுதான்.

நிராகரித்தால் 30 நாட்களுக்குள் ஐ-290பி வழியாக மேல்முறையீடு செய்யலாம். அதைவிட, குறையைச் சரிசெய்து புதிதாகப் போடுவதே பெரும்பாலும் நல்லது. எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம். முன்பு போட்ட மனுவை மட்டும் மறைக்கக் கூடாது.

ஏற்ற பிறகு

வரிசை வந்ததும் அமெரிக்காவில் இருப்பவர் கிரீன் கார்டுக்கான ஐ-485 விண்ணப்பத்தைப் போடுவார்: 1,440 டாலர், மருத்துவப் பரிசோதனைப் படிவமும் கூடவே போக வேண்டும். வெளிநாட்டில் இருப்பவருக்குத் தூதரக நேர்காணல். மாணவர் விசாவில் இருப்பவர்கள் கவனிக்க: ஐ-140 போட்டால் குடியேறும் எண்ணம் பதிவாகிவிடுகிறது. அடுத்த முறை ஊருக்குப் போய் எஃப்-1 விசா முத்திரை வாங்கும்போது, குடியேற்ற மனு உண்டா என்ற கேள்விக்கு 'ஆம்' என்றுதான் பதில் எழுத வேண்டும்.

கைது, விசா காலம் தாண்டித் தங்கியது, முன்பு பொய்த் தகவல் கொடுத்ததாகக் குற்றச்சாட்டு, ஜே-1 பரிமாற்ற விசாவில் வந்தவர் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் தங்க வேண்டும் என்ற நிபந்தனை: இவற்றில் ஏதாவது இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு வழக்கறிஞரிடம் போங்கள். தேசிய நலன் விலக்கு இவற்றில் எதையும் தீர்க்காது.

வழக்கறிஞர் இல்லாதவருக்கு நகல் அனுப்ப வேறு யாரும் இல்லை. எல்லாக் கடிதமும் உங்கள் தபால் பெட்டிக்கே வரும். வீடு மாறினால் பத்து நாட்களுக்குள் முகவரி மாற்றத்தைப் பதிவுசெய்து, நிலுவையில் உள்ள மனுவின் எண்ணையும் அதில் குறிப்பிடுங்கள். தபால் பெட்டியின் மேல் உங்கள் முழுப் பெயரை, பாஸ்போர்ட்டில் உள்ளபடி, ஒட்டி வையுங்கள்.